பக்கத்து ஊரில் கிளவுட். சாவி யார் கையில்?

ஜொகூர் பாருவிலிருந்து ஸ்கூடாய் நெடுஞ்சாலையில் வடக்கே கிளம்பினால் சற்று நேரத்தில் தம்போய் வந்துவிடும். அங்சானா பேரங்காடியும் 1937 முதல் இயங்கிவரும் பெர்மாய் மருத்துவமனையும் வெளியூர்க்காரர்கள் அறிந்த அடையாளங்கள். உள்ளூர்க்காரர்களுக்குத் தம்போய் என்றால் தொழிற்பேட்டை: இரும்புப் பட்டறைகள், பிளாஸ்டிக் வார்ப்பு ஆலைகள், உணவுப் பொட்டலக் கிடங்குகள், லோரி நிறுத்தும் கொட்டகைகள். அப்பா ஆரம்பித்து மகன் நடத்தும் தொழில்கள் இங்கே ஏராளம்.

அங்கிருந்து இன்னும் வடக்கே போனால் கூலாய். ஒய்.டி.எல். குழுமத்தின் தரவு மைய வளாகம் அங்கேதான் எழுந்தது. 2023 டிசம்பரில் அந்தக் குழுமமும் என்விடியாவும் கைகோத்து 430 கோடி அமெரிக்க டாலர் திட்டத்தை அறிவித்ததும் அந்த வளாகத்தை வைத்துத்தான். அதற்கும் அப்பால் செடெனாக். மேற்கே திரும்பினால் நூசாஜெயா டெக் பார்க். நிலமும் மின்சாரமும் நெருக்கடியாகி 2019இல் சிங்கப்பூர் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்தியது; 2022இல்தான் நிபந்தனைகளோடு மீண்டும் கதவைத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இடம் தேடி வந்த நிறுவனங்கள் சிங்கப்பூரை இணைக்கும் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஜொகூரில் இறங்கின. விண்ணப்பங்கள் குவிந்ததால், தண்ணீரையும் மின்சாரத்தையும் கணக்குப் பார்த்து வடிகட்டுவதற்கென்றே மாநில அரசு 2024இல் தனிக் குழு அமைக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவும் வீட்டு வாசலில் நடப்பதால் தம்போய் முதலாளிகளில் பலருக்கு ஓர் எண்ணம் வருவது இயல்பு: கிளவுட் நம் ஊருக்கே வந்துவிட்டது, இனி நமக்கு எல்லாம் சுலபம். உண்மை நிலவரம் வேறு. ஜொகூரின் பெரிய கட்டடங்கள் பெரும்பாலும் உலகளாவிய நிறுவனங்களுக்கு மொத்த வாடகைக்கு விடப்படுபவை. அமேசான் வெப் சர்வீசஸ் 2024 ஆகஸ்டில் தன் மலேசிய வட்டாரத்தை, அதாவது தன் தரவு மையங்களின் தொகுதியை, திறந்தது. 2038க்குள் 620 கோடி டாலர் முதலீடு என்று அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் 2025 மே மாதம் திறந்த முதல் மலேசிய வட்டாரம் கோலாலம்பூரைச் சுற்றியே அமைந்திருக்கிறது. ஜொகூரிலும் ஒன்று அமைக்கும் திட்டத்தை அது பிறகு அறிவித்தது. ஆக, இன்று தம்போயில் ஒரு தொழிற்சாலை கிளவுட் கணக்குத் திறந்தால், அதன் கோப்புகள் அநேகமாகக் கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கிலோ சிங்கப்பூரிலோதான் போய் உட்காரும். கூலாயில் நிற்கும் கட்டடத்துக்கும் அந்தக் கணக்குக்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை.

தம்போய்க்காரர் கவலைப்பட வேண்டியது கட்டடம் எங்கே நிற்கிறது என்பதைப் பற்றியல்ல. எந்தக் கணினி யார் பெயரில் ஓடுகிறது, மாத பில் ஏன் ஏறுகிறது, நாளைக்கே இடம் மாற வேண்டுமென்றால் மாற முடியுமா என்பதைப் பற்றி. இவற்றையெல்லாம் ஒரே திரையில் காட்டி, அங்கிருந்தே ஆளச் செய்வதாகச் சொல்லி விற்கப்படும் மென்பொருள்தான் கிளவுட் மேலாண்மைத் தளம். எதை வாங்குவது, வாங்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி இப்போது சிறு தொழில்களின் மேசைக்கும் வந்துவிட்டது.

வரி வாரியம் திறந்த கதவு

சிறு தொழில்களைக் கிளவுட் பக்கம் தள்ளியதில் விளம்பரங்களைவிட வரி வாரியத்துக்கே பெரிய பங்கு. மின் விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி, ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களோடு தொடங்கியது. 2025 ஜனவரி 1இல் இரண்டரைக் கோடிக்கு மேல் விற்பவர்கள் உள்ளே வந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 1இல் 50 லட்சத்துக்கு மேல் விற்பவர்கள். தொழிற்பேட்டையின் நடுத்தரப் பட்டறைகள் பலவற்றின் விற்பனை இந்தக் கடைசி அளவில்தான் வரும். வாரியம் மைஇன்வாய்ஸ் என்ற இணைய வாசலை இலவசமாகத் தந்திருக்கிறது. ஆனால் நாளுக்கு நூறு பில் போடுகிற இடத்தில் கிராணி ஒவ்வொன்றையும் கையால் ஏற்ற முடியாது. கணக்கு மென்பொருள் நேரடியாக வாரியத்தோடு பேச வேண்டும். அதற்குக் கணக்கு மென்பொருள் இணையத்துக்கு வர வேண்டும்.

அடுத்தது தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் திருத்தங்கள் 2025இல் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்தன. அதிகபட்ச அபராதம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாக உயர்ந்தது. 2025 ஜூன் 1 முதல், தரவு கசிந்து பாதிப்பு பெரிதாகும் நிலை இருந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். இருபதாயிரத்துக்கு மேற்பட்டோரின் விவரங்களைக் கையாளும் நிறுவனம் தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும். 72 மணி நேரம் என்பது வெள்ளி மாலை தொடங்கித் திங்கள் மாலைக்குள் முடிந்துவிடும் நேரம். எந்தக் கோப்பு எந்தக் கணினியில் இருந்தது, அதை யார் திறந்தார்கள் என்று அதற்குள் சொல்ல முடியாத நிறுவனத்தால் இந்த விதிக்குக் கட்டுப்பட முடியாது.

உதாரணத்துக்கு, நாற்பது பேர் வேலை செய்யும் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையைக் கற்பனை செய்துகொள்வோம். கணக்கு மென்பொருள் ஒரு கிளவுடில். மின்னஞ்சலும் கோப்புகளும் மைக்ரோசாஃப்டில். சிங்கப்பூர் வாடிக்கையாளர் வரைபடங்களைத் தன் கிளவுடில்தான் பகிர்வேன் என்கிறார். மாடிப்படிக்குக் கீழே குளிர்சாதனம் ஓயாமல் ஓடும் ஒரு சிறு அறையில் பழைய சர்வர் ஒன்று இன்னும் உயிரோடு. யாரும் உட்கார்ந்து திட்டமிடாமலேயே நான்கு இடங்கள் சேர்ந்துவிட்டன. இந்த நிலையில்தான் விற்பனைப் பிரதிநிதி வந்து, நான்கையும் ஒரே திரையில் காட்டுகிறேன் என்கிறார்.

காட்டத்தான் செய்வார். இத்தகைய தளங்கள் செய்யும் வேலைகள் உண்மையானவை: புதுக் கணினியை எழுப்புவதும் அணைப்பதும், செலவைத் துறைவாரியாகப் பிரிப்பதும், யாருக்கு எந்த அனுமதி என்று வரையறுப்பதும், கோளாறு வந்தால் எச்சரிப்பதும். எல்லா வேலையும் எல்லாத் தொழிலுக்கும் தேவைப்படுமா என்பதுதான் கேள்வி.

பில் எப்படி வீங்குகிறது

செலவிலிருந்து தொடங்குவது நல்லது. முதலாளி தினமும் பார்க்கிற விஷயம் அது.

பெரிய கிளவுட் நிறுவனங்களின் விலைப்பட்டியல் பெரும்பாலும் அமெரிக்க டாலரில்தான் அச்சாகிறது. 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் ஏறக்குறைய 4.80 ரிங்கிட்டைத் தொட்டது. 1998 நெருக்கடிக்குப் பிறகு ரிங்கிட் அவ்வளவு கீழே போனதில்லை. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் 4.12 அளவுக்கு மீண்டது. மாதம் ஆயிரம் டாலருக்குக் கிளவுட் வாங்கும் கடைக்கு இது 4,800 ரிங்கிட்டுக்கும் 4,120 ரிங்கிட்டுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு கோப்புகூடக் கூடவில்லை, குறையவில்லை; பில் மட்டும் 680 ரிங்கிட் ஆடுகிறது. வெளிநாட்டு இலக்கச் சேவைகளுக்கான வரி 2020 ஜனவரியில் 6 விழுக்காடாகத் தொடங்கி 2024 மார்ச்சில் 8 விழுக்காடானது. அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பல மேலாண்மைத் தளங்கள் இந்த ரிங்கிட் கணக்கைக் காட்டுவதில்லை. டாலரில் அழகான வளைகோடு வரைந்து கொடுத்துவிட்டு நின்றுவிடும். வாங்குமுன் ரிங்கிட்டில், வரியோடு, போன மாத பில்லைக் காட்டச் சொல்ல வேண்டும். அந்த எண் வங்கிக் கணக்கிலிருந்து போன தொகையோடு பொருந்துகிறதா என்று கணக்கர் பார்க்கட்டும்.

அடுத்தது, யாரும் பயன்படுத்தாமல் ஓடும் கணினிகள். புது மென்பொருளைச் சோதிக்க ஒரு கணினி எழுப்பப்படுகிறது. சோதனை முடிகிறது, அணைக்க மறந்துவிடுகிறார்கள். ஒரு மாதத்தில் ஏறக்குறைய 730 மணி நேரம். வேலை நாள் 22, நாளுக்கு 10 மணி நேரம் என்று வைத்தால் தேவைப்பட்டது 220 மணி நேரம்தான். இரவிலும் விடுமுறையிலும் அணைத்தாலே அந்தக் கணினியின் ஓட்டச் செலவில் சுமார் 70 விழுக்காடு மிச்சம். சேமிப்புக்கான கட்டணம் மட்டும் தொடரும். இதற்குப் பெரிய தளம் வேண்டாம். நேரம் குறித்து அணைக்கும் வசதியைக் கிளவுட் நிறுவனங்களே தருகின்றன. வேண்டியது ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பெயர்ச்சீட்டு: எந்தத் துறை, யார் பொறுப்பு, எதுவரை தேவை. டேக் என்று இத்துறையில் சொல்லப்படும் இந்தச் சிறு குறிப்பு இல்லாமல் ஐந்து நட்சத்திரத் தளத்தை வாங்கினாலும் அது காட்டப்போவது பெயரில்லாச் செலவுகளின் நீண்ட பட்டியலைத்தான்.

தரவை வெளியே எடுக்கும் கட்டணமும் உண்டு. உள்ளே ஏற்றுவது பெரும்பாலும் இலவசம்; வெளியே எடுக்கும்போது மீட்டர் ஓடும். அமேசானின் சிங்கப்பூர் வட்டாரத்தில் இது ஒரு ஜிகாபைட்டுக்கு 12 சென்ட் என்ற அளவில் தொடங்குகிறது. ஆயிரம் ஜிகாபைட் வரைபடங்களை மாதந்தோறும் வாடிக்கையாளருக்கு இறக்கிக் கொடுத்தால் நூறு டாலருக்கு மேல் அதற்கே போகும். மொத்தமாக வெளியேறுகிறவர்களுக்கு இந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக 2024இல் முதலில் கூகுளும் பிறகு அமேசானும் மைக்ரோசாஃப்டும் அறிவித்தன. அன்றாட இறக்கத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

முதலாளி மாறினால்

தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வசதிகளின் பட்டியலை ஒப்பிட்டு மதிப்பெண் போடுவதே வழக்கம். அந்தத் தளத்துக்கு யார் முதலாளி, நாளை யார் முதலாளியாவார் என்று பார்ப்பது அரிது. கடந்த சில ஆண்டுகளில் வாங்கியவர்களைச் சுட்டது இந்த இடம்தான்.

விஎம்வேர் கதை எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. ஒரே இரும்புப் பெட்டிக்குள் பல கணினிகளை ஓட்டும் மென்பொருளில் பல ஆண்டுகளாக அதுவே முன்னணி. வங்கிகள், மருத்துவமனைகள், பல்கலைக்கழகங்கள், தொழிற்சாலைகள் என்று அது இல்லாத இடம் குறைவு. பிராட்காம் அதை வாங்கப்போவதாக 2022 மே மாதம் அறிவித்தது. விலை 6,100 கோடி டாலர். 2023 நவம்பர் 22இல் கைமாற்றம் முடிந்தது. அடுத்த மாதமே, ஒருமுறை காசு கொடுத்தால் என்றைக்கும் சொந்தம் என்ற பழைய லைசென்ஸ் விற்பனை நிறுத்தப்பட்டது. இனி சந்தாதான். தனித்தனியாக வாங்கக்கூடிய பொருள்கள் சில பெரிய கட்டுகளாகச் சுருக்கப்பட்டன. ஆரியா என்ற பெயரில் விற்ற மேலாண்மைத் தளமும் அந்தக் கட்டுக்குள் போனது. ஒரு சாமான் வேண்டும் என்று வந்தவர் மூட்டையோடு வாங்க வேண்டிய நிலை. அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. 2024இல் வழக்குப் போட்டது. தங்களிடம் கேட்கப்பட்ட உயர்வு 1,050 விழுக்காடு என்று அந்த வழக்கின் ஆவணங்களில் சொன்னது. அந்த ஆண்டு முடியுமுன் இரு தரப்பும் சமரசமாகின. ஏ.டி. அண்ட் டி. அளவு நிறுவனத்துக்கு வழக்கறிஞர் படை உண்டு. தம்போயில் மூன்று சர்வர் வைத்திருப்பவருக்கு என்ன உண்டு? புது கோட்டேஷனும், ஒப்பந்தம் முடியும் தேதியும்.

விஎம்வேர் மட்டுமல்ல. கிளவுட் மேலாண்மைக் கருவிகளில் ரைட்ஸ்கேல் 2018இல் ஃபிளெக்ஸெராவிடம் போனது. டர்போனோமிக் 2021இலும் அப்டியோ 2023இலும் ஐபிஎம் வசமாயின. மார்ஃபியஸ் 2024இல் ஹெச்பிஇ கையில். கிளவுட் கணினிகளை எழுத்தில் வரையறுத்து எழுப்ப உதவும் டெர்ராஃபார்மை உருவாக்கிய ஹாஷிகார்ப் 2023 ஆகஸ்டில் தன் திறந்த உரிமத்தை மாற்றியது. அதை ஏற்காத பயனாளர்கள் பிரிந்துபோய் ஓப்பன்டோஃபு என்ற மாற்றை லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடையின்கீழ் தொடங்கினார்கள். 640 கோடி டாலருக்கு ஹாஷிகார்ப்பையும் ஐபிஎம் வாங்கி முடித்தது 2025 பிப்ரவரியில்.

கைமாறுவது தவறென்று சொல்ல முடியாது. சில பொருள்கள் அதனால் மேம்பட்டும் இருக்கின்றன. ஆனால் மூன்றாண்டு ஒப்பந்தம் போடும்போது, தளத்தில் எழுதிவைத்த விதிகளையும் பதிவுகளையும் அனுமதிப் பட்டியலையும் வேறொரு மென்பொருள் படிக்கக்கூடிய வடிவில் எடுத்துச் செல்ல முடியுமா என்பது முதலில் கேட்க வேண்டிய கேள்வி. 'முடியும்' என்ற வாய்ச்சொல் போதாது. சோதனைக் காலத்திலேயே ஒருமுறை எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

நிரப்பாமல் விட்ட ஒரு கட்டம்

2024 மே மாதத் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியின் உறுப்பினர்களால் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள், சுமார் 12,500 கோடி ஆஸ்திரேலிய டாலர் சேமிப்பு. ஊடுருவலோ என்ற சந்தேகம் முதலில் எழுந்தது. நடந்தது அதுவல்ல. யூனிசூப்பருக்கென்று கூகுள் கிளவுடில் அமைக்கப்பட்டிருந்த தனிக் கிளவுட் முழுவதுமாக அழிக்கப்பட்டிருந்தது. இரண்டு இடங்களில் நகல் வைத்திருந்தும் பயனில்லை; கட்டளை இரண்டையும் சேர்த்தே துடைத்துவிட்டது. கூகுள் கிளவுட் தலைவர் தாமஸ் குரியன் யூனிசூப்பர் தலைவரோடு சேர்ந்து கையெழுத்திட்டு அறிக்கை வெளியிட வேண்டி வந்தது.

காரணத்தைக் கூகுள் பிறகு விவரமாகச் சொன்னது. அந்தத் தனிக் கிளவுடை அமைத்தபோது கூகுள் ஊழியர்கள் ஓர் உள் கருவியைப் பயன்படுத்தினார்கள். அதில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டார்கள். நிரப்பாவிட்டால் 'ஓராண்டுக் காலம்' என்று எடுத்துக்கொள்ளும்படி அந்தக் கருவி எழுதப்பட்டிருந்தது. ஓராண்டு முடிந்ததும் கருவி தன் கடமையைச் செய்தது. வாடிக்கையாளர் கேட்டு நடந்த அழிப்பு அல்ல என்பதால் முன்னெச்சரிக்கைக் கடிதம்கூடப் போகவில்லை.

யூனிசூப்பர் மீண்டதற்குக் காரணம் அழிபடாமல் நின்ற பேக்கப்கள்தான். வேறொரு நிறுவனத்திடம் தனியாக நகல் வைத்திருந்தது அதன் முன்யோசனை. சேவைகள் படிப்படியாகத் திரும்ப ஒரு வாரத்துக்கு மேலானது.

இந்தச் சம்பவத்தை ஊன்றிப் படிக்கும்போது மேலாண்மைத் தளத்தின் இன்னொரு முகம் தெரிகிறது. எல்லாவற்றையும் ஓரிடத்திலிருந்து ஆளும் வசதி என்றால் எல்லாவற்றையும் ஓரிடத்திலிருந்து அழிக்கும் வசதியும் அதில் அடக்கம். ஆகவே பேக்கப் அந்தத் தளத்தின் கைக்கு எட்டாத இடத்தில், வேறு கணக்கில், வேறு கடவுச்சொல்லில் இருக்க வேண்டும். நான்கு கிளவுடையும் ஒரே திரையில் இணைக்கிறேன் என்று வருபவர் பேக்கப்பையும் அதே திரையில் இணைக்கப் பார்ப்பார். அங்கே மட்டும் மறுத்துவிட வேண்டும்.

பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் 2021 மார்ச் 10ஆம் தேதி அதிகாலை ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்து சாம்பலானது. பேக்கப்புக்கென்று தனியாகக் காசு கட்டிய வாடிக்கையாளர் ஒருவரின் நகலும் மூலம் இருந்த கட்டடத்திலேயே இருந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து போயின. வழக்கு லீல் வணிக நீதிமன்றம் வரை போய், 2023 ஜனவரியில் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் இழப்பீடு தரும்படி தீர்ப்பானது. நகல் தனியிடத்தில் இருக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததுதான் அந்த வாடிக்கையாளரைக் காப்பாற்றியது. இன்னும் பக்கத்தில், 2023 அக்டோபர் 14ஆம் தேதி சிங்கப்பூரில் ஒரு தரவு மையத்தின் குளிரூட்டும் அமைப்பு பழுதாகி, டிபிஎஸ், சிட்டிபேங்க் இரண்டின் சேவைகளும் முடங்கின; சுமார் 25 லட்சம் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை. மாற்று மையத்துக்கு மாறும் ஏற்பாடு இரு வங்கிகளிடமும் இருந்தது. தேவைப்பட்ட நேரத்தில் அது சரியாக வேலை செய்யவில்லை. ஏற்பாடு காகிதத்தில் இருப்பதும், ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து உண்மையாகவே மீட்டுப் பார்ப்பதும் ஒன்றல்ல.

தம்போய்க்கு எது பொருந்தும்

ஒரே ஒரு கிளவுட் மட்டும் வைத்திருக்கும் தொழிலுக்குத் தனித் தளம் தேவையில்லை என்று தயங்காமல் சொல்லலாம். அமேசானில் பட்ஜெட் எச்சரிக்கையும் செலவுப் பகுப்பாய்வும் உள்ளேயே இருக்கின்றன. மைக்ரோசாஃப்டின் அசூரிலும் கூகுளிலும் அப்படியே. மாதம் இவ்வளவு என்று எல்லை குறித்து, அதில் பாதியைத் தாண்டும்போது ஒருமுறை, எண்பது விழுக்காட்டில் ஒருமுறை முதலாளியின் மின்னஞ்சலுக்கே எச்சரிக்கை வரும்படி வைக்க அரை நாள் போதும். ஆயிரம் டாலர் கிளவுட் செலவைக் கண்காணிக்க ஐந்நூறு டாலர் தளம் வாங்குவது யாருக்கு லாபம்?

இரண்டு கிளவுட், கூடவே சொந்த சர்வர் என்று ஆன பிறகு நிலைமை மாறும். அப்போது நடுத்தர விலைத் தளங்களைப் பார்ப்பது நியாயம். தமிழர்களுக்கு நன்கு தெரிந்த பெயர் ஒன்று இந்தத் துறையில் உண்டு. ஸ்ரீதர் வேம்பு முதலானோர் 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஜோஹோவின் ஒரு பிரிவு மேனேஜ்எஞ்ஜின். சர்வர்களையும் கிளவுட் கணக்குகளையும் கண்காணிக்கும் கருவிகளும், பல கிளவுட் செலவைப் பிரித்துக் காட்டும் கருவியும் அந்தக் குடும்பத்தில் இருக்கின்றன. தென்காசி மாத்தளம்பாறையில் அலுவலகம் வைத்து உலகுக்கு மென்பொருள் விற்கும் அந்த நிறுவனம் தன் சேவைகளைப் பொதுக் கிளவுடில் ஓட்டுவதில்லை. சொந்தத் தரவு மையங்களிலேயே ஓட்டுகிறது.

அதைப் பார்த்து நாமும் சொந்த சர்வருக்குத் திரும்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பேஸ்கேம்ப் மென்பொருளைச் செய்யும் 37சிக்னல்ஸ் அப்படித் திரும்பியது. 2022இல் அதன் ஆண்டுக் கிளவுட் செலவு 32 லட்சம் டாலர். சுமார் 7 லட்சம் டாலருக்கு சர்வர்கள் வாங்கி, வேலைகளை அவற்றுக்கு மாற்றி, கிளவுட் செலவை 13 லட்சமாகக் குறைத்துவிட்டதாக 2024இல் அறிவித்தது. கவனிக்க வேண்டியது, அந்த சர்வர்களை ஓட்டத் தெரிந்த ஆட்கள் முன்பே அங்கே சம்பளத்தில் இருந்தார்கள். ஜோஹோவுக்கும் அதுதான் தொழில். திருகாணி செய்யும் தொழிற்சாலைக்கு அது தொழிலல்ல. மாடிப்படிக்குக் கீழ் இருக்கும் பெட்டியில் வேலை நன்றாக நடந்தால் அவசரப்பட்டு அதைத் தூக்கவும் வேண்டாம். புதிதாக நான்கு பெட்டி வாங்கவும் வேண்டாம்.

ஓப்பன்ஸ்டேக், கிளவுட்ஸ்டேக் போன்ற இலவசத் தளங்களும் இருக்கின்றன. 2010இல் நாசாவும் ராக்ஸ்பேஸும் சேர்ந்து தொடங்கியது முன்னது. 2012இல் சிட்ரிக்ஸ் அப்பாச்சி அமைப்பிடம் ஒப்படைத்தது பின்னது. லைசென்ஸ் கட்டணம் இல்லை. ஓப்பன்ஸ்டேக்கைச் சுயமாக நடத்த ஓர் அணி வேண்டும். கிளவுட்ஸ்டேக் அதைவிட எளிது என்றாலும் முழுநேரப் பொறியாளர் இல்லாமல் ஆகாது. இவற்றை உள்ளூர் நிறுவனம் ஒன்று நடத்தி, ரிங்கிட்டில் பில் போட்டுத் தந்தால் யோசிக்கலாம்.

ஆள் விஷயம்தான் ஜொகூரில் எல்லாவற்றிலும் கடினமானது. நல்ல கணினிப் பொறியாளருக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் வெள்ளியில் சம்பளம் காத்திருக்கிறது. இந்தப் பக்கமோ புதிய தரவு மையங்களே ஆள் தேடுகின்றன. தம்போய்ப் பட்டறையின் ஒரே 'ஐ.டி. தம்பி' எந்த மாதமும் ராஜினாமாக் கடிதம் நீட்டலாம். அவர்மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் கிளவுட் கணக்கு அவருடைய சொந்த மின்னஞ்சலில் திறக்கப்பட்டிருந்தால், உறுதிக் குறியீடு அவருடைய கைத்தொலைபேசிக்கே வந்தால், அவர் போகும் நாளில் நிறுவனத்தின் கணக்குப் புத்தகமே அவரோடு போகிறது. தளம் எதுவானாலும் தலைமைக் கணக்கு நிறுவனத்தின் பெயரில், நிறுவனத்தின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். உறுதிக் குறியீடு நிறுவனத்துக்குச் சொந்தமான தொலைபேசிக்கு வர வேண்டும். இன்னொருவருக்கும் அதை ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். முழுநாளும் அதையே பார்க்கிறவராக அவர் இருக்க வேண்டியதில்லை. கணக்கராக இருந்தாலும் சரி, முதலாளியின் மகளாக இருந்தாலும் சரி.

அனுமதியும் அளவாக இருக்கட்டும். அமெரிக்க வங்கியான கேப்பிடல் ஒன்னிடமிருந்து 2019இல் 10 கோடிக்கு மேற்பட்டோரின் விவரங்கள் திருடுபோனதற்குக் கிளவுட் நிறுவனத்தின் கட்டடப் பூட்டு காரணமல்ல. தவறாக அமைக்கப்பட்ட ஒரு பாதுகாப்புச் சுவரும், தேவைக்கு மேல் கொடுத்து வைத்த அனுமதியும்தான். பில் போடும் கிராணிக்குச் சர்வரை அழிக்கும் பொத்தான் எதற்கு?

விற்பனையாளர் சொல்லும் சோதனைக் காலத்தை வேடிக்கை பார்க்காமல் வேலை வாங்கிக் கழிக்கலாம். நிஜமான ஒரு மாத பில்லை உள்ளே கொடுத்துத் துறைவாரியாகப் பிரிக்கச் சொல்லலாம். ஒரு கணினியை வேண்டுமென்றே அழித்துவிட்டு, பேக்கப்பிலிருந்து மீட்க எத்தனை மணி நேரமாகிறது என்று பார்க்கலாம். தீபாவளி விடுமுறையில் அழைத்தால் தொலைபேசியை யார் எடுப்பார், எந்த ஊரிலிருந்து, எந்த மொழியில் என்று எழுத்தில் கேட்டு வாங்கலாம்.

ஒப்பந்தத்தில் கடைசியாகப் பார்க்க வேண்டியது ஒரு தேதி. மலேசிய வருமான வரிச் சட்டப்படி வணிகக் கணக்குகளையும் அவற்றுக்கான ஆவணங்களையும் ஏழாண்டுகள் பாதுகாக்க வேண்டும். 2025இல் போட்ட விலைப்பட்டியலை 2032 இறுதிவரை எடுத்துக் காட்டக்கூடிய நிலையில் வைத்திருப்பது தொழில் நடத்துபவரின் கடமை. விற்பவர் நீட்டும் சந்தா பெரும்பாலும் ஓராண்டு அல்லது மூன்றாண்டு. சந்தா முடிந்த பிறகு எத்தனை நாள் தரவு அங்கே இருக்கும், எந்த வடிவில் திருப்பித் தரப்படும், அதற்குக் கட்டணம் எவ்வளவு, தளத்தின் உரிமையாளர் மாறினாலும் இந்த வாக்குறுதி செல்லுமா என்ற நான்கு வரிகளும் கையெழுத்துக்கு மேலே இருக்கின்றனவா என்று கணக்கரும் முதலாளியும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கட்டும். இல்லையென்றால் எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பலாம். கையெழுத்து போடும்வரை பேரம் பேசும் பலம் வாங்குபவரிடம்தான்.